புகைக்குள் ஒரு மஞ்சள் படிகம்

(கல்லூரி ஒன்றில் வேதியியல், செவிலியர் பிரிவு மாணவர்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று ஒரே ஒரு மூலக்கூறைப் பற்றித்தான் பேசப்போகிறேன். 20 கார்பன் அணுக்கள், 12 ஹைட்ரஜன் அணுக்கள், ஒட்டி அமைந்த 5 வளையங்கள். பென்சோபைரீன் என்று பெயர். தனியே பிரித்தெடுத்தால் வெளிர்மஞ்சள் படிகம். ஆய்வுக்கூடத் தேவைக்குத் தவிர வேறு எதற்கும் இதை யாரும் தயாரிப்பதில்லை. ஆனாலும் விறகு புகையும்போது, நிலக்கரி கனலும்போது, பீடி எரியும்போது, டீசல் வண்டி உறுமும்போது, குப்பை மேடு பற்றிக்கொள்ளும்போது அது தானாகவே உண்டாகிவிடுகிறது.

எப்படி உண்டாகிறது? எரிபொருளும் ஆக்சிஜனும் சேர்ந்தால் கார்பன் டைஆக்சைடும் நீரும் என்று பள்ளியில் ஒரு சமன்பாடு படித்திருப்பீர்கள். காற்றும் சூடும் தாராளமாகக் கிடைக்கிற இடத்துக்கு அது பொருந்தும். ஈரம் காயாத கருவேல விறகைச் செருகிய அடுப்புக்குப் பொருந்தாது. அந்த விறகை உற்றுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மறுமுனையில் நுரை கட்டும், நீர் சீறிக்கொண்டு வெளியேறும். அடுப்பின் சூட்டில் பெரும்பகுதி அந்த நீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். விறகு எரியாமல் புகையும். 300 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை உள்ள அந்த அரைகுறைச் சூட்டில் மரத்தின் பெரிய மூலக்கூறுகள் துண்டுதுண்டாக உடைகின்றன. உடைந்த துண்டுக்கு ஆக்சிஜன் கிடைத்தால் எரிந்து முடிந்துவிடும். கிடைக்காதபோது துண்டுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. ஆறு கார்பன் சேர்ந்து ஒரு வளையம், அதன் ஓரத்தில் இன்னொன்று, அதை ஒட்டி மற்றொன்று என்று தேன்கூட்டின் அறைகளைப் போல வளர்கின்றன. இப்படி வளர்ந்த நூற்றுக்கணக்கான பல்வளைய ஹைட்ரோகார்பன்களில் ஒன்றுதான் நம்முடைய பென்சோபைரீன். புகை ஆறும்போது அது கரித்துகளின் மேல் படிந்துகொள்கிறது. துகள் மூச்சில் போகிற இடமெல்லாம் அதுவும் போகிறது.

இதெல்லாம் இன்று நமக்குத் தெரிந்த செய்தி. தெரியவந்த விதம்தான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது. அது லண்டன் சிறுவர்களிடமிருந்து தொடங்குகிறது.

18-ஆம் நூற்றாண்டு லண்டன் நிலக்கரியில் குளிர்காய்ந்த நகரம். வீட்டுக்கு வீடு கணப்பு, கணப்புக்குக் கணப்பு புகைபோக்கி. பல புகைபோக்கிகளின் உட்புறம் 9 அங்குலச் சதுரம்தான் இருக்கும். நேராகவும் போகாது, சுவருக்குள் மடங்கி வளைந்து ஏறும். உள்ளே படிகிற கரியைச் சுரண்டாவிட்டால் தீப்பிடிக்கும். பெரியவர் உடம்பு அதற்குள் நுழையாது. ஆகவே ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளை ஏற்றினார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகள், அநாதைகள். முழங்காலும் முழங்கையும் உரசி உரசிப் புண்ணாகும். தோல் தடிக்கட்டும் என்று அந்தப் புண்ணின் மேல் உப்புநீரைத் தேய்த்து நெருப்பருகே நிறுத்துவார்கள். சுரண்டிய கரியை விவசாயிகள் உரத்துக்கு வாங்கினார்கள். அந்தக் கரி மூட்டைகளையே போர்த்திக்கொண்டு பிள்ளைகள் தூங்கினார்கள். குளிப்பது அரிது.

இந்தப் பிள்ளைகள் வளர்ந்து வாலிபரான பிறகு அவர்களில் சிலருக்கு விதைப்பையின் தோலில் ஒரு புண் வந்தது. தொழில் செய்தவர்கள் அதைக் ‘கரி மரு’ என்றார்கள். மருத்துவர்கள் பலர் அதைப் பால்வினை நோய் என்று எண்ணிப் பாதரசம் கொடுத்தார்கள். செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையின் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775-இல் எழுதிய நூலில்தான், இது புற்றுநோய், இதற்குக் காரணம் தோலின் மடிப்புகளில் தங்கிவிடும் கரி என்று தெளிவாகச் சொன்னார். ஒரு தொழிலுக்கும் ஒரு புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை மருத்துவம் முதன்முதலாகப் பதிவு செய்தது அங்கேதான். பாட் நோயை மட்டும் எழுதவில்லை. இந்தப் பிள்ளைகளைக் குளிரிலும் பசியிலும் வாட்டி, சூடான குறுகிய புகைபோக்கிகளுக்குள் திணித்துக் காயப்படுத்துகிறார்கள், பருவம் எய்தியதும் இந்தக் கொடிய நோயும் அவர்களைப் பிடிக்கிறது என்று மனம் வெதும்பி எழுதினார். மருத்துவ நூலில் அப்படி ஒரு பக்கத்தைப் படிப்பது அபூர்வம்.

ஆக, காரணம் 1775-லேயே தெரிந்துவிட்டது. பிறகு என்ன நடந்தது? 1788-இல் ஒரு சட்டம்: எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது. யாரும் மதிக்கவில்லை. 1834-இல் ஒன்று, 1840-இல் ஒன்று, 1864-இல் ஒன்று. 1875-இல் கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஃபுல்போர்ன் மனநலக் காப்பகத்தின் புகைபோக்கிக்குள் ஜார்ஜ் ப்ரூஸ்டர் என்ற சிறுவன் சிக்கிக்கொண்டான். சுவரை இடித்து வெளியே எடுத்தார்கள். பிழைக்கவில்லை. ஷாஃப்ட்ஸ்பரி பிரபு நாடாளுமன்றத்தில் போராடி, நடைமுறையில் பலிக்கக்கூடிய சட்டத்தை அந்த ஆண்டுதான் கொண்டுவந்தார். பாட் எழுதி 100 ஆண்டுகள்!

சிறுவர்கள் விடுபட்டாலும் நோய் விடவில்லை. பெரியவர்கள் துடைப்பத்தோடு வேலையைத் தொடர்ந்தார்கள், அவர்களுக்கு அது வந்துகொண்டே இருந்தது. 1892-இல் ஹென்றி பட்லின் என்ற அறுவை மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார். ஜெர்மனியிலும் பெல்ஜியத்திலும் இதே வேலை செய்கிறவர்களுக்கு இந்த நோய் ஏன் வருவதில்லை? விடை தேடிப் போனால் அங்கே பெரிய மருத்துவ ரகசியம் ஒன்றும் இல்லை. அவர்கள் தலை முதல் கால் வரை உடம்போடு ஒட்டிய உடை அணிந்தார்கள், வேலை முடிந்ததும் உடம்பைக் கழுவினார்கள். அவ்வளவுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். 1892-இல் பென்சோபைரீன் என்ற பெயர் யாருக்கும் தெரியாது. கரியில் எது நஞ்சு என்று உலகில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் ஒரு நாட்டுத் தொழிலாளி அந்த நோயால் செத்தான், இன்னொரு நாட்டுத் தொழிலாளி தப்பித்தான். இடையில் இருந்தது ஓர் உடையும் ஒரு வாளித் தண்ணீரும். மூலக்கூறின் பெயர் தெரியும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. வேதியியல் ஆசிரியனாகிய நானே இதைச் சொல்கிறேன்: வேதியியலுக்கு முன்பே காப்பாற்ற முடிந்தது, காப்பாற்றவில்லை. இந்தக் கதையில் என்னை உறுத்துவது அதுதான்.

சரி, அந்த மூலக்கூறு எப்படிக் கிடைத்தது?

டோக்கியோவில் கட்சுசபுரோ யமகிவா என்ற நோய்க்குறியியல் பேராசிரியர் இருந்தார். அவரும் கோயிச்சி இச்சிகாவா என்ற கால்நடை மருத்துவரும் முயல்களின் காதில் நிலக்கரித்தாரைத் தடவத் தொடங்கினார்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, மாதக்கணக்கில். அவர்களுக்கு முன்பும் சிலர் விலங்குகளின் மேல் தாரைத் தடவிப் பார்த்து, ஒன்றும் நடக்கவில்லை என்று விட்டுவிட்டார்கள். இவர்கள் விடவில்லை. முதலில் மரு எழும்பியது, பிறகு அது புற்றாக மாறியது. 1915-இல் அதை உலகுக்கு அறிவித்தார்கள். ஒரு பொருளைத் தடவிப் புற்றுநோயை வரவழைக்க முடியும் என்பதற்கு அதுவே முதல் சான்று. 1926-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு, எலியின் வயிற்றுப் புற்றுக்குப் புழுவே காரணம் என்று சொன்ன டென்மார்க்கின் ஃபிபிகருக்குப் போனது. அந்த முடிவு பின்னாளில் நிற்கவில்லை. யமகிவாவின் முயல்களுக்குக் கிடைக்க வேண்டிய பரிசு அது என்றே நான் நினைக்கிறேன்.

தாரில் நூற்றுக்கணக்கான பொருள்கள். எது குற்றவாளி? லண்டன் புற்றுநோய் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் எர்னஸ்ட் கென்னவே 1920-களின் நடுவில் அழகான ஒரு காரியம் செய்தார். அசிட்டிலீன் போன்ற எளிய வாயுக்களை ஹைட்ரஜனோடு கடுஞ்சூட்டில் காய்ச்சி, கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட செயற்கைத் தாரை உண்டாக்கினார். அதுவும் எலிகளுக்குப் புற்றை வரவழைத்தது. ஆகவே ஆர்சனிக்கைத் தேட வேண்டாம், கந்தகத்தைத் தேட வேண்டாம், நைட்ரஜனைத் தேட வேண்டாம். குற்றவாளி ஒரு வெறும் ஹைட்ரோகார்பன். சந்தேகப் பட்டியல் ஒரே ஆய்வில் எவ்வளவு சுருங்கிவிட்டது பாருங்கள்!

அடுத்த திருப்பம் வெளிச்சத்தில் வந்தது. புற்றை உண்டாக்கும் தார்கள் புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். அதே ஆய்வுக்கூடத்தின் இஸ்ரேல் ஹீகர் அந்த ஒளியை நிறமாலைமானியில் பிரித்துப் பார்த்தார். வேறு வேறு தார்களில் ஒரே இடத்தில் மூன்று பட்டைகள் திரும்பத் திரும்பத் தெரிந்தன. பெயர் தெரியாத ஆளின் கைரேகை கிடைத்துவிட்டது, இனி ஆளைப் பிடிக்க வேண்டும். எரிவாயு ஆலையிலிருந்து 2 டன் நிலக்கரிக் கீலை வரவழைத்தார்கள். காய்ச்சி வடித்தார்கள், கரைத்தார்கள், படிகமாக்கினார்கள். ஒவ்வொரு படியிலும் எந்தப் பகுதியில் அந்த மூன்று பட்டைகள் பிரகாசமாகத் தெரிகின்றனவோ அதை வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கினார்கள். இறுதியில் மஞ்சள் படிகம் மிஞ்சியது. வேதியியலாளர் ஜேம்ஸ் குக் அதன் அமைப்பைத் தீர்மானித்து, அதையே ஆய்வுக்கூடத்தில் தொகுத்தும் காட்டினார். 1933-இல் கட்டுரை வெளிவந்தது. பாட் எழுதியதிலிருந்து 158 ஆண்டுகள்.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே உண்டு. பென்சோபைரீன் தானாக டி.என்.ஏ.வைத் தொடாது. அது சோம்பேறி மூலக்கூறு, நீரிலும் கரையாது. உடம்புக்குள் வந்த அந்நியப் பொருளை நீரில் கரையும்படி மாற்றி வெளியேற்றுவது நம் நொதிகளின் வேலை. அவை பென்சோபைரீனின் ஓரத்தில் ஆக்சிஜனை ஏற்றுகின்றன, நீரைச் சேர்க்கின்றன, மறுபடி ஆக்சிஜனை ஏற்றுகின்றன. இதில் பெரும்பகுதி நல்லபடியாக வெளியேறிவிடும். சிறு பகுதி மட்டும் டையால் எப்பாக்சைடு என்ற துடிப்பான வடிவமாகி, டி.என்.ஏ.வில் உள்ள குவானினைப் பற்றிக்கொள்ளும். செல் பிரியும்போது அந்த இடம் தவறாகப் படிக்கப்படும். குவானின் இருந்த இடத்தில் தைமின் வந்து உட்காரும். நஞ்சை நஞ்சாக்குவது நம் உடம்பின் தற்காப்பேதான்.

செல்லின் கட்டுமீறிய பெருக்கத்தைத் தடுக்கும் பி53 என்ற மரபணு உண்டு. நுரையீரல் புற்றில் அந்த மரபணு சில குறிப்பிட்ட இடங்களில் அடிக்கடி சிதைந்திருப்பதை மருத்துவர்கள் முன்பே கவனித்திருந்தார்கள். 1996-இல் டெனிசென்கோ, ஃபைஃபர் முதலியோர் மனித மூச்சுக்குழல் செல்களில் இந்த எப்பாக்சைடை விட்டு, அது எங்கே ஒட்டுகிறது என்று பார்த்தார்கள். 157, 248, 273 என்ற எண்ணிட்ட இடங்களில் வலுவாக ஒட்டியது. நோயாளிகளின் கட்டிகளில் சிதைந்திருந்த இடங்களும் அவையே. புகையிலைக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள உறவு வெறும் புள்ளிவிவரம்தானே என்று வாதாடிக்கொண்டிருந்தவர்களுக்கு அதற்குப் பிறகு சொல்ல அதிகம் இல்லை.

ஆகவே மூலக்கூறைக் கண்டுபிடித்தது வீண் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். வாதத்தை முடித்துவைத்தது அதுதான். காற்றில் அளக்கக்கூடிய ஓர் எண்ணைக் கொடுத்ததும் அதுதான்.

‘புற்றுநோயை உண்டாக்கலாம்’ என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அதைப் பற்றி ஒரு சொல். பிரான்சின் லியோன் நகரில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் பொருள்களை வகைப்படுத்துகிறது. 1 என்றால் மனிதருக்குப் புற்றை உண்டாக்கும், 2ஏ என்றால் பெரும்பாலும் உண்டாக்கும், 2பி என்றால் உண்டாக்கக்கூடும். சான்று எவ்வளவு வலுவானது என்பதைத்தான் இந்த எண் சொல்கிறது. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அது சொல்வதில்லை. பென்சோபைரீன் 1987-இல் 2ஏ வகையில் இருந்தது. ஏன் முதல் வகையில் வைக்கவில்லை? பென்சோபைரீனை மட்டும் தனியே சுவாசித்த மனிதர் எவரும் இல்லை. புகையைச் சுவாசித்தவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், அந்தப் புகையில் இதுவும் ஒன்று. பிறகு, நான் இப்போது சொன்ன மரபணுச் சான்றுகளை எடைபோட்டு அதை முதல் வகைக்கு உயர்த்தினார்கள். ‘உண்டாக்கலாம்’ என்ற சொல்லைப் பார்த்ததும், ‘இன்னும் நிரூபிக்கவில்லையே’ என்று நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் இதை அறிய வேண்டும்.

இப்போது சீனாவுக்குப் போவோம். யுன்னான் மாகாணத்தில் சுவான்வெய் என்ற ஊர்ப்பகுதி. 1970-களில் சீனா முழுவதும் புற்றுநோய் இறப்புகளைக் கணக்கெடுத்தபோது, நுரையீரல் புற்றால் இறக்கும் பெண்களின் விகிதம் நாட்டிலேயே மிக அதிகமாக இருந்த இடங்களில் ஒன்றாக இது தெரிந்தது. அந்தப் பெண்களில் புகைபிடிப்பவர் அநேகமாக இல்லை. வீட்டு நடுவில் தரையில் ஒரு குழி, அதில் நிலக்கரி. புகைபோக்கி கிடையாது. அந்த வட்டாரத்தில் மூன்று விதமான எரிபொருள்கள் இருந்தன: விறகு, புகையாத நிலக்கரி, புகைகிற நிலக்கரி. புகைகிற நிலக்கரியை எரித்த ஊர்களில்தான் சாவு குவிந்தது. வீட்டுக் காற்றில் பென்சோபைரீன் மிகுந்திருந்ததும் அங்கேதான். பின்னர் அந்தப் பெண்களின் கட்டிகளை எடுத்து ஆராய்ந்தபோது, குவானின் இருந்த இடத்தில் தைமின் வந்த அதே சிதைவு அவற்றில் பதிந்திருந்தது. புகைபிடிக்காத பெண்ணின் நுரையீரலில் அடுப்பின் கையெழுத்து.

அங்கே அடுப்பை மாற்றினார்கள். புகைகிற நிலக்கரியை நிறுத்திவிட வறிய குடும்பங்களால் முடியவில்லை. நிலக்கரி அதேதான், அடுப்புக்குப் புகைபோக்கி மட்டும் வைத்தார்கள். 1976 முதல் 1992 வரை 21,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2002-இல் வெளியானது. புகைபோக்கி வைத்த வீடுகளில் ஆண்களுக்கு நுரையீரல் புற்று 41 விழுக்காடும் பெண்களுக்கு 46 விழுக்காடும் குறைந்திருந்தது. அந்தக் குறைவு ஐயமறத் தெரிவதற்கு அடுப்பை மாற்றி ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆயின. நமக்குப் பொறுமை வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்: இன்று வைக்கிற புகைபோக்கியின் பலன் அடுத்த தேர்தலுக்குள் தெரியாது.

நம் நாட்டுக்கு வருகிறேன். கர்க் ஸ்மித் என்ற அமெரிக்க அறிஞர் இந்திய நண்பர்களோடு சேர்ந்து குஜராத்தின் நான்கு கிராமங்களில், அடுப்பெதிரே உட்கார்ந்து சமைக்கிற பெண்களின் மேலேயே கருவியைப் பொருத்தி அளந்தார். 1983-இல் வெளிவந்தது அந்த ஆய்வு. சமைக்கிற நேரத்தில் அவர்கள் சுவாசித்த காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சராசரியாக ஏறத்தாழ 4,000 நானோகிராம் பென்சோபைரீன். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் நானோகிராம். ஆகவே இது சிறு அளவு என்று தோன்றும். ஆனால் 2009-இல் நம் அரசு வகுத்த காற்றுத் தர விதியில் இதே பொருளுக்கு உள்ள வரம்பு 1 நானோகிராம். அது வெளிக்காற்றின் ஆண்டுச் சராசரி, இது சமைக்கும் நேரத்து அளவு, இரண்டையும் நேரே வகுத்துப் பார்ப்பது முறையில்லை. அப்படியே இருந்தாலும் அந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மனம் பதறுகிறது.

தமிழ்நாட்டில் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணனும் குழுவினரும் கிராமத்து வீடுகளில் புகைத்துகளை அளந்து 2002-இல் வெளியிட்டார்கள். அதிகம் சுவாசிப்பவர் சமைக்கிறவரே. வீட்டின் அமைப்பைப் பொறுத்து மற்றவர்கள் சுவாசிக்கும் அளவும் மாறுகிறது. தனிச் சமையலறையா, தடுப்பில்லாத ஒரே அறையா, வாசலில் வைத்த அடுப்பா என்பதெல்லாம் கணக்கில் வருகிறது. கொடி அடுப்பில் சோறு வடித்துக்கொண்டே ஊதாங்குழலை வாயில் வைத்து ஊதுகிற தாயின் முகம் நெருப்பிலிருந்து ஒரு முழத் தூரத்தில் இருக்கிறது. இடுப்பில் ஒரு பிள்ளை. கூரைக்கட்டையில் தொங்குகிற கறுப்பு ஒட்டடையைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதைத் தட்டியெடுத்துக் கரைத்து நிறமாலைமானியில் வைத்தால், ஹீகர் கண்ட அந்தப் பட்டைகளைத் தேடிப் பார்க்கலாம். இங்குள்ள வேதியியல் மாணவர் ஒருவர் அதை ஆய்வாக எடுத்துச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

போகியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய பாயையும் துடைப்பத்தையும் கொளுத்திய இடத்தில் டயரும் பிளாஸ்டிக்கும் வந்துவிட்டன. 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாத அளவுக்குப் புகை மூடியது. டயர் எரிகிற கரும்புகையில் இந்த வளையச் சேர்மங்கள் ஏராளம். பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று மேளம் கொட்டுகிறார்கள். பண்டிகையை விடச் சொல்லவில்லை. டயரை மட்டும் விடுங்கள் என்று பெற்றோர்களைக் கைகூப்பிக் கேட்கிறேன்.

2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் ஏழை வீடுகளுக்குக் கேஸ் அடுப்பு வந்தது நல்ல காரியம். ஆனால் வீட்டில் சிலிண்டர் இருப்பதும் புகை ஓய்வதும் ஒன்றாகிவிடவில்லை. டீயும் குழம்பும் கேஸில் நடக்கும். குளிக்க வெந்நீர், மாட்டுக்குத் தீவனம், நெல் அவித்தல் எல்லாம் விறகில் நடக்கும். சிலிண்டர் தீர்ந்து, அடுத்தது வாங்கப் பணம் சேரும்வரை சோறும் விறகுக்குத் திரும்பும். அடுப்பைப் பற்றவைக்கப் பாலித்தீன் பையைக் கிழித்துப் போடுகிற வழக்கம் வேறு சேர்ந்திருக்கிறது. நான் சொன்ன அந்த 1 நானோகிராம் வரம்பு வெளிக்காற்றுக்கு உரியது. சமையலறைக்குள் இருக்கும் காற்றுக்கு அது எழுதப்படவில்லை.

செவிலியர் படிப்பு மாணவிகள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். கிராமப் பயிற்சிக்குப் போகும்போது உங்கள் கையில் ஒரு படிவம் தருவார்கள். வீட்டில் கேஸ் இணைப்பு உண்டா என்று கேட்டு ‘உண்டு’ என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடாதீர்கள். “அக்கா, வெந்நீர் எதில் காய வைக்கிறீர்கள்? போன மாதம் சிலிண்டர் தீர்ந்தபோது என்ன செய்தீர்கள்? விறகை எங்கே காய வைக்கிறீர்கள்? அடுப்புப் புகை எந்தப் பக்கம் போகிறது?” என்று கேளுங்கள். பிறகு உள்ளே போய், அவர் உட்கார்ந்து சமைக்கிற இடத்தில் ஐந்து நிமிடம் நீங்களும் உட்காருங்கள். பார்த்ததைப் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கொண்டுவாருங்கள்.